முத்திரை விழும் முன்

2016 நவம்பர் 9, புதன்கிழமை காலை. கலிஃபோர்னியாவில் நான் அப்போது வேலை பார்த்த ஆபீசில் பத்து மணிக்கு வழக்கமான டீம் மீட்டிங். முந்தைய நாள் தேர்தலில் டிரம்ப் ஜெயித்திருந்தார். மேனேஜரின் கண் சிவந்திருந்தது. "நாம எல்லாருமே இன்னிக்கு உடைஞ்சு போயிருக்கோம்" என்று ஆரம்பித்தார். அறையில் பதினான்கு பேர். சிலர் தலையாட்டினார்கள், ஒருவர் மூக்கை உறிஞ்சினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்டிங்காரர் மட்டும் தன் பேப்பர் கப்பின் விளிம்பைப் பிரித்துச் சுற்றிச் சுற்றிக் கிழித்துக்கொண்டே இருந்தார். மீட்டிங் முடியும்போது கப் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் பார்க்கிங்கில் என்னைப் பிடித்தார். "நான் டிரம்புக்குத்தான் போட்டேன். உனக்கு இங்கே ஓட்டு இல்லை, அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். மறந்துடு." அவர் சைக்கிளில் ஆபீஸ் வருபவர், மாமிசம் சாப்பிடாதவர். அதை வைத்தே அவரை டெமாக்ரட் கணக்கில் எழுதி வைத்திருந்தோம். நானும்தான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவர் வாயிலிருந்து வந்த 'எல்லாருமே' என்ற ஒரு சொல்தான் பிரச்சினை. அந்தச் சொல் வந்ததும் அறையில் ஒருவர் வெளியாள் ஆனார். அதன்பின் அவர் வாய் திறந்தால் பொல்லாப்பு, திறக்காவிட்டால் பொய். இந்தக் கட்டுரை முதலில் அந்தக் கப் கிழித்தவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும். பிறகு அந்த மேனேஜருக்கு.

தமிழில் இதை எழுதுவதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. கன்சர்வேட்டிவ் என்பதைப் 'பழமைவாதி' என்று எழுதினால், எழுதும்போதே பாதித் தீர்ப்பைச் சொன்னதாகிவிடும். பத்தாம்பசலி என்று காதில் விழும். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குள் பலவகை ஆட்கள் இருக்கிறார்கள். வரி குறைய வேண்டும் என்பவர், துப்பாக்கி உரிமையை விடாதவர், கருக்கலைப்பை எதிர்க்கும் கத்தோலிக்கர், 'அரசாங்கம் என் பிழைப்பில் கை வைக்காதே' என்னும் சின்னக் கடைக்காரர். இவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது. ஆனால் கேன்டீன் மேஜையில் அத்தனை பேருக்கும் ஒரே தொப்பிதான்.

அடுத்த கட்சிக்காரரைப் பற்றி அமெரிக்கர்கள் மனதில் வைத்திருக்கும் படம் எவ்வளவு கோணல் என்று டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார்கள். ரிபப்ளிகன் கட்சிக்காரர்களில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று கேட்டபோது மக்கள் சொன்ன சராசரி 38. உண்மை ஏறத்தாழ 2. டெமாக்ரட்களில் தன்பாலின, இருபாலின, திருநர் பிரிவினர் 32 சதவீதம் என்று நினைத்தார்கள். உண்மை 6 சொச்சம். ஆகவே உங்களைப் பற்றி எதிர் மேஜைக்காரர் நினைப்பது தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அவரைப் பற்றி நீங்கள் நினைப்பதற்கும் அதே கணக்குதான்.

தமிழர்களுக்கு இதில் இரட்டை முத்திரை. 2024 தேர்தல் பருவத்தில் ஒரு பக்கம் கமலா ஹாரிஸ். அவருடைய தாத்தாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். இன்னொரு பக்கம் ரிபப்ளிகன் வேட்பாளராகக் கொஞ்ச காலம் களத்தில் நின்ற விவேக் ராமசாமி. பாலக்காட்டிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒஹாயோவில் பிறந்தவர், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். என்னிடம் ஜனவரியில் ஒருவர் "உங்க விவேக் விலகிட்டாரே" என்றார். ஆகஸ்டில் இன்னொருவர் "உங்க கமலா எப்படி?" என்றார். இருவருக்கும் நான் தந்த பதில் ஒன்றே: "இரண்டு பேரும் எனக்கு இன்னும் பத்திரிகை வைக்கவில்லை."

சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும்?

"கருத்துச் சுதந்திரம் இருக்கும் நாடுதானே, என்ன பயம்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அந்தச் சுதந்திரத்தைத் தரும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது, உங்கள் கம்பெனியின் கையை அல்ல. 1964-ன் குடிமை உரிமைகள் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் இடத்தில் இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு என்று பட்டியல் போடுகிறது. அரசியல் அதில் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் எந்தக் காரணமும் சொல்லாமலே தனியார் முதலாளி ஆளை அனுப்பலாம்.

அரசு ஊழியர் நிலை வேறு. நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் ஜெஃப்ரி ஹெஃபர்னன் என்ற போலீஸ் துப்பறிவாளர் இருந்தார். 2006 மேயர் தேர்தல் நேரம். படுக்கையில் கிடந்த அவருடைய அம்மா, தான் ஆதரித்த வேட்பாளரின் பெயர்ப் பலகை ஒன்றை வாங்கி வரச் சொன்னார். வாசலில் நட்டு வைப்பதற்கு. மகன் போய் வாங்கினார். அவருக்கு அந்தப் பிரசாரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பலகையும் கையுமாக நின்றதை யாரோ பார்த்துவிட, மறுநாள் பதவி இறக்கம். 'நான் ஆதரிக்கவே இல்லையே' என்பது உண்மை. அந்த உண்மையையே நகராட்சி கோர்ட்டில் தனக்குச் சாதகமாக்கப் பார்த்தது. ஆதரிக்கவில்லை என்றால் பறிபோன உரிமைதான் என்ன என்று வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2016-ல் 6-2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. மேலதிகாரியின் நினைப்பு தப்பாக இருந்தாலும் தண்டித்த நோக்கம்தான் கணக்கு என்றது கோர்ட். இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் கண்ணில் வரும். ஒரு வார்த்தை பேசாத மனிதர் மேலும் முத்திரை விழும்.

தனியார் துறையில் இருப்பவர்களுக்கு மாநிலத்தைப் பொறுத்துக் குடை கிடைக்கும். கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் 1101, 1102 பிரிவுகள் ஊழியரின் அரசியல் செயல்பாட்டில் முதலாளி தலையிடுவதைத் தடுக்கின்றன. நியூயார்க் வேலை நேரத்துக்கு வெளியே செய்யும் அரசியல் பணிக்குக் காப்பு தருகிறது. வாஷிங்டன் டி.சி. கட்சிச் சார்பையே பாதுகாக்கப்பட்ட பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் மாநிலத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு மணி நேரம் செலவழித்துப் பாருங்கள். கேன்டீனில் யாராவது சொல்வதை நம்பாதீர்கள்.

பத்துப் பக்கம் எழுதியவர்

கூகுளில் ஜேம்ஸ் டமோர் என்ற இன்ஜினீயர் 2017 ஜூலையில் எழுதிய குறிப்பைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். முழுதாகப் படித்தவர்கள் குறைவு. பத்துப் பக்கம். கம்பெனிக்குள் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை, பெண்களைச் சேர்க்க எடுக்கும் சில நடவடிக்கைகள் நியாயமாக இல்லை என்பது ஒரு பாதி. தொழில்நுட்பத் துறையில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு ஆண் பெண் உடலியல் வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது மறு பாதி. ஆகஸ்டில் அது வெளியே கசிந்தது. 7-ஆம் தேதி வேலை போனது.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. அவர் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் புகார் கொடுத்தார். வேலை நிலைமை பற்றி ஊழியர்கள் கூடிப் பேசுவதை 1935-ன் சட்டம் பாதுகாக்கிறது. அந்தக் கதவைத் தட்டினார். வாரியத்தின் வழக்கறிஞர் 2018 ஜனவரியில் எழுதிய கருத்துரை குறிப்பை இரண்டாகப் பிரித்தது. கம்பெனிக் கொள்கையை விமர்சித்த பகுதிக்குப் பாதுகாப்பு இருக்கலாம். பெண்களின் இயல்பு பற்றிச் சொன்ன பகுதிக்குக் கிடையாது. கம்பெனி வேலையைப் பறித்தது இரண்டாவதற்காக. ஆகவே சட்டப்படி தப்பில்லை. அவர் புகாரைத் திரும்பப் பெற்றார்.

எனக்கு இதில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. அந்த ஆளை அவ்வளவு அவசரமாக அனுப்பியது, கம்பெனிக்குள் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை என்ற அவர் குற்றச்சாட்டுக்கே சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று. அதே நேரம், பக்கத்து நாற்காலிப் பெண் மறுநாள் அவரிடமே தன் புரோகிராமைக் காட்டி "சரியா இருக்கா பாருங்க" என்று கேட்க வேண்டியவள். அவளுக்கு அது கொள்கை விவாதமாகவா தெரியும்?

கோடு அங்கேதான் இருக்கிறது. முடிவைப் பற்றிப் பேசுங்கள், ஆட்களின் வகையைப் பற்றிப் பேசாதீர்கள். "இந்தப் பயிற்சி வகுப்பால் நம் டீமுக்கு என்ன பயன் என்று அளந்து பார்த்தோமா?" என்பது முடிவைப் பற்றியது. "இந்த மாதிரி ஆட்களை எடுத்தால் தரம் இறங்கும்" என்பது ஆட்களைப் பற்றியது. முதலாவதை எந்தக் கூட்டத்திலும் நிமிர்ந்து கேட்கலாம். இரண்டாவது வாயை விட்டு வந்தபின், நீங்கள் அதற்கு முன் சொன்ன நியாயமான ஒன்பது விஷயங்களும் யாருக்கும் நினைவிருக்காது.

எங்கே சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஸ்லாக்கில் வேண்டாம். ஆபீஸ் மெயிலில் வேண்டாம். 'பிரைவேட்' என்று பெயர் வைத்த சேனலும் கம்பெனியின் சர்வரில்தான் கிடக்கிறது. ஸ்க்ரீன்ஷாட் எடுக்க ஒரு விநாடி. ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பும் அப்படியே. எழுத்தில் குரலின் இறக்கம் தெரியாது. கிண்டல் குத்தலாகப் படிக்கப்படும். ஒருவரிடம் நேரில், நடந்துகொண்டே, ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்கள். அவரோடு ஏற்கெனவே சேர்ந்து ஒரு ராத்திரி ரிலீஸ் முடித்திருந்தால் இன்னும் நல்லது. உங்களை வேலைக்காரராகத் தெரிந்தவருக்கு உங்கள் கட்சி இரண்டாவது செய்தி. தெரியாதவருக்கு அது ஒன்றே செய்தி.

மேனேஜர் 'நாம எல்லாருமே' என்று ஆரம்பித்தால் என்ன செய்வது? எழுந்து நின்று தன்னிலை விளக்கம் தர வேண்டாம். "இந்த அறையில் வேறு மாதிரி நினைக்கிறவர்களும் இருக்கலாம்; ரிலீஸ் தேதியைப் பார்ப்போமா?" போதும். நீங்கள் யார் என்று அதில் இல்லை. பொய்யும் இல்லை. யாராவது நேரடியாக "நீ யாருக்குப் போட்டே?" என்றால், "அதை என் மனைவிக்கே சொல்வதில்லை" என்ற பதில் நூறு முறை சோதிக்கப்பட்டது.

உங்கள் கருத்து மத நம்பிக்கையிலிருந்து வருவதானால் கதை கொஞ்சம் மாறும். மதம் 1964 பட்டியலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த கிறிஸ்தவத் தபால்காரர் ஜெரால்ட் கிராஃப் வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: மதத்துக்காக விட்டுக்கொடுக்க மறுக்கும் முதலாளி, தன் தொழிலுக்குக் கணிசமான கூடுதல் சுமை வரும் என்று காட்ட வேண்டும், அற்பச் செலவைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. ஆகவே கேட்க வேண்டியதை 'அரசியல்' என்று கேட்காமல், உண்மையிலேயே அப்படி இருந்தால், 'மதம்' என்று எழுதிக் கேளுங்கள்.

பணம் பேசும், பெயரோடு பேசும்

வாயை அடக்கியவர்கள்கூட மாட்டிக்கொள்ளும் இடம் நன்கொடை. ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய பிரெண்டன் ஐக், 2008-ல் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் கலிஃபோர்னியா எட்டாம் முன்மொழிவுக்கு 1000 டாலர் கொடுத்தார். ஆறு வருஷம் கழித்து, 2014 மார்ச்சில் மொசில்லாவின் தலைமைச் செயல் அதிகாரி ஆனதும் அந்த ரசீது மேலே வந்தது. பதினோரு நாள் கூடத் தாங்கவில்லை என்று சொல்லலாம். ஏப்ரல் 3-ல் விலகினார்.

கூட்டாட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்தால் உங்கள் பெயர், தொழில், வேலை பார்க்கும் கம்பெனி எல்லாம் தேர்தல் ஆணையத்தின் பொதுப் பதிவில் ஏறும். யாரும் தேடலாம், உங்கள் அடுத்த இன்டர்வியூக்காரரும் தேடலாம். கொடுக்காதே என்று சொல்லவில்லை. தெரிந்து கொடுங்கள். எச்1பி விசாவில் இருப்பவர்கள் கொடுக்கவே கூடாது, அது சட்ட விரோதம். கிரீன் கார்டு வந்தபின் கொடுக்கலாம். விசாக்காரர்களுக்கு இன்னொன்று: வேலை போனால் கையில் இருப்பது அதிகபட்சம் 60 நாள். 2019-லிருந்து விசா விண்ணப்பத்தில் சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கிறார்கள். ஃபேஸ்புக்கில் ராத்திரி பதினொன்றரைக்கு வரும் வீரத்துக்கு இந்த 60 நாளைக் கொஞ்சம் காட்டுங்கள்.

அடி ஒரு பக்கத்துக்கு மட்டும் விழுவதில்லை. 2004-ல் அலபாமாவில் ஒரு தொழிற்சாலைப் பெண் காரில் டெமாக்ரட் வேட்பாளர் ஜான் கெர்ரியின் ஸ்டிக்கர் ஒட்டியதற்காக வேலையை இழந்தார். கெர்ரியே கூப்பிட்டுத் தன் பிரசாரத்தில் வேலை கொடுத்தார். 2017-ல் வர்ஜீனியாவில் சைக்கிளில் போன ஜூலி பிரிஸ்க்மன், டிரம்பின் வாகன வரிசையைப் பார்த்து நடுவிரலைக் காட்டிய படம் பரவியதும் கம்பெனியை விட்டு அனுப்பப்பட்டார். 2019-ல் லவுடன் கவுன்டி நிர்வாகக் குழுவுக்கு அவரே தேர்வானார். 2025 செப்டம்பரில் கன்சர்வேட்டிவ் செயல்பாட்டாளர் சார்லி கிர்க் கொல்லப்பட்டபோது அதைப் பற்றிப் பதிவு போட்டதற்காகப் பல ஊர்களில் ஆசிரியர்களும் வேறு ஊழியர்களும் வேலை இழந்தார்கள். கேட்டோ நிறுவனம் 2020-ல் எடுத்த கணிப்பில், இன்றைய அரசியல் சூழலால் நினைப்பதைச் சொல்ல முடியவில்லை என்றவர்கள் 62 சதவீதம். கன்சர்வேட்டிவ்களில் 77. லிபரல்களில் பாதிக்குச் சற்று மேல்.

மேனேஜர் நாற்காலியில் இருந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. மீட்டிங்கில் அரசியல் துக்கமோ கொண்டாட்டமோ நடத்தாதீர்கள். ஒரு பக்கத்து ஸ்டிக்கரை லேப்டாப்பில் அனுமதித்தால் மறு பக்கத்தையும் அனுமதியுங்கள். இல்லையேல் இரண்டும் வேண்டாம். ஒருவர் இன்னொருவரை 'அந்தக் கூட்டம்' என்றால் அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வருஷக் கடைசி மதிப்பீட்டுக்குச் சேர்த்து வைக்காதீர்கள்.

முழுத் தடை போடலாமா? கிரிப்டோ கம்பெனி காயின்பேஸ் 2020-ல் வேலைக்குச் சம்பந்தமில்லாத அரசியல் வேண்டாம் என்று அறிவித்து, பிடிக்காதவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பியது. 60 பேர், ஏறத்தாழ 5 சதவீதம், வாங்கிக்கொண்டு போனார்கள். 2021-ல் பேஸ்கேம்ப் என்ற மென்பொருள் கம்பெனி அதே வழியில் போனபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளியேறினார். என் கணக்கில் தடை என்பது சோம்பேறி மேனேஜருக்கு வசதி. எது 'அரசியல்', எது 'வெறும் மரியாதை' என்று யார் தீர்மானிப்பது என்ற சண்டை அப்படியே மிச்சமிருக்கும்.

காரியம் கெட்டுவிட்டால்

தேதி போட்டு எழுதி வையுங்கள். சொந்த நோட்டில், வீட்டில். யார், எங்கே, என்ன வார்த்தை, கூட யார் இருந்தார்கள். சம்பவத்துக்கு முன்பு வந்த நல்ல மதிப்பீட்டையும் பிறகு வந்த மோசமான மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கதை தானே பேசும். ஆபீஸ் கோப்புகளை வீட்டு மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதுவே வேலையை விட்டு அனுப்பக் காரணமாகிவிடும். மதம், இனம் போன்ற பட்டியல் காரணம் கலந்திருந்தால் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள், பல மாநிலங்களில் 300 நாளுக்குள் புகார் போக வேண்டும். தொழிலாளர் உறவு வாரியத்துக்கு ஆறு மாதம். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தே கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

போன வருஷம் நம்ம ஊர்த் தம்பி ஒருவன் குடியுரிமை வாங்கினான். கோயம்புத்தூர்க்காரன், ஆளும் அபிப்பிராயமும் அழுத்தமான ரிபப்ளிகன். எங்கள் ஆபீஸ் வளாகத்தில் அது அரிது.

"அண்ணா, கார்ல ஸ்டிக்கர் ஒட்டலாமா?"

"கலிஃபோர்னியால இருக்கே. 1102 படிச்சியா?"

"படிச்சேங்ணா."

"அப்புறம் என்ன, உன் கார்."

ஒட்டினான். மூன்று வாரம் பார்க்கிங்கின் கடைசி வரிசையில்தான் நிறுத்தினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை; அதையே ஒரு சதி மாதிரி எனக்குத் தினமும் விவரித்தான். நாலாவது வாரம் பக்கத்து டீம் லீட், வானவில் பட்டை போட்ட பேட்ஜ் கயிறு மாட்டியிருப்பவர், அவனை லிஃப்ட் வாசலில் நிறுத்தி, "பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டின அந்த வெள்ளை டொயோட்டா உன்னோடதா?" என்று கேட்டாராம். இவன் 1102-ஐ மனசுக்குள் சொல்லிக்கொண்டே "ஆமாம்" என்றிருக்கிறான்.

"வலது பின் டயர்ல காத்தே இல்லை. என் வண்டியில பம்ப் இருக்கு, வா."